முப்பது வயதில் மூடப்படும் பதிவேடு



மனித சரீரத்தைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் பல, தாம் வந்து குடிபுகுந்து வெகுநாள் ஆனபின்னரே முதல் அறிகுறியைக் காட்டும் சுபாவமுடையவை. அவற்றின் விஷயத்தில் வைத்தியர் செய்யக்கூடியதெல்லாம், வந்துவிட்ட சத்துருவோடு போராடுவது ஒன்றே. கர்ப்பப்பையின் வாயிலே தோன்றும் புற்றோ அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது புற்றாக உருக்கொள்வதற்குப் பதினைந்து, சில சமயங்களில் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது; அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியும், கண்ணுக்கும் எளிய கருவிக்கும் எட்டக்கூடிய ஓரிடத்திலே, சில நிமிஷச் சிகிச்சையால் அகற்றிவிடத்தக்க சிறு மாறுதலாகவே இருந்துவருகிறது. இவ்வளவு அவகாசம் கொடுக்கும் ஒரு வியாதியால் இந்திய தேசத்தில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1,27,000 பெண்கள் புதிதாகப் பீடிக்கப்பட்டனர் என்றும், ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கணித்திருக்கிறது. இந்த மரணங்களுக்கு அறியாமையைக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் யாருடைய அறியாமை என்று விசாரித்துப் பார்த்தால், குற்றம் அந்தப் பெண்களைச் சேராது என்பதே என் திடமான அபிப்பிராயம். அவர்களை யாரும் அழைக்கவில்லை. இன்றைய சொற்பொழிவு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதே.

நோயின் காரணத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி தேசத்து ஹரால்ட் சூர் ஹௌசன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1983-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும், எச்.பி.வி. என்று அழைக்கப்படும் வைரஸின் 16, 18 என்னும் இரு வகைகளை இப்புற்றின் திசுக்களில் கண்டு அறிவித்தார்கள். அதற்காக 2008-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. உலகத்தில் இப்புற்றுக்கு ஆளாவோரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு இவ்விரண்டு வகைகளே காரணம். தாம்பத்திய உறவின் வழியே பரவும் இந்த வைரஸ், அவ்வுறவில் ஈடுபடும் ஆண் பெண் இருபாலாரிலும் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒரு தடவையேனும் தொட்டுச் செல்கிறது. தொட்டவரில் பெரும்பாலோருடைய சரீரம் ஓரிரு ஆண்டுகளில் தானே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிடும் சிலரிடத்தில்தான், கர்ப்பப்பை வாயின் உட்புறத் தோலும் வெளிப்புறத் தோலும் சந்திக்கும் குறுகிய வளையத்தில், உயிரணுக்கள் மெல்ல மெல்லத் தம் ஒழுங்கை இழக்கின்றன. ஆகவே இந்த வியாதியை ஒரு பெண்ணின் நடத்தையோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது விஞ்ஞானத்துக்கும் விரோதம், கருணைக்கும் விரோதம். மணமாகி ஒரே கணவனோடு முப்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டிக்கும் இது வரும். அவள் வெட்கப்படுவதற்கு இதில் அணுவளவும் இடமில்லை.

இந்த மாறுதல் எத்தனை ஆண்டுகளில் புற்றாகிறது என்பதை நாம் அறிந்த வழி துக்ககரமானது. நியூசிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில், பெண்களுக்கென்று பிரசித்தி பெற்ற ஒரு மருத்துவமனையில், 1960-களின் நடுவிலிருந்து, கடுமையான முன்புற்று மாறுதல் கண்ட பெண்களுள் ஒரு பகுதியினருக்குப் பூரணச் சிகிச்சை அளிக்காமல், என்ன நேர்கிறதென்று கவனித்து வந்தார்கள். அப்படிக் கவனிக்கப்படுகிறோம் என்பது அந்தப் பெண்களுக்கே தெரியாது. 1988-இல் நீதிபதி கார்ட்ரைட் அம்மையாரின் விசாரணை அறிக்கை அதை வெளிப்படுத்தித் தேசத்தையே தலைகுனியச் செய்தது. பின்னர் அந்த ஏடுகளை நிதானமாக ஆராய்ந்தவர்கள், சரியான சிகிச்சை பெறாதவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கு முப்பது ஆண்டுகளுக்குள் புற்று வந்தது என்றும், சரியான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை என்றும் 2008-இல் எழுதினார்கள். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே இன்று நாம் பேசும் பரிசோதனையின் பிரயோஜனம் முழுவதும். சம்மதம் கேட்கப்படாத பெண்களின் சரீரத்திலிருந்து பெற்ற இந்த ஞானத்தை உபயோகியாமல் ஏட்டிலேயே வைத்திருப்பது, அவர்களுக்கு மறுபடியும் இழைக்கும் அநீதியாகும்.

மாறுதலைக் கண்டுபிடிக்கும் முதல் உபாயத்தைத் தந்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் என்னும் கிரேக்கர். 1883-இல் கீமி என்ற ஊரிலே பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் கினிப் பன்றிகளின் இனப்பெருக்க இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அப்பிராணிகளின் யோனிச் சுரப்பைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் முறையை மானிடப் பெண்ணிடத்திலும் பரீட்சிக்க விரும்பியபோது, அதற்குத் தம்மை முதலில் அளித்தவர் அவருடைய மனைவி மேரி அம்மையார். ஆண்டுக்கணக்காக இடைவிடாது அளித்தும் வந்தார். அந்தப் பூச்சுகளினிடையே ஒரு புற்றுநோயாளியின் உயிரணுக்கள் தென்பட்டதைப் பாப்பனிக்கோலாவ் 1928-இல் அறிவித்தபோது வைத்திய உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவர் பொறுமையோடு காத்திருந்து, ஹெர்பர்ட் டிராவுட் என்னும் பெண்நோய் வைத்தியரோடு சேர்ந்து, 1941-இல் ஒரு கட்டுரையும் 1943-இல் ஒரு நூலும் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பெயரின் முதலசையே இன்றும் ‘பாப் ஸ்மியர்’ என்று நம் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய விஷயம் ஆரம்பமாகிறது. பரிசோதனை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதனாலேயே மரணங்கள் குறைந்தனவா? பிரிட்டனில் 1960-களின் நடுவிலேயே இந்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. வைத்தியரிடம் வேறொரு காரியமாக வந்த பெண்ணுக்கு, அவர் நினைவு வந்தால் செய்வார். நினைவு வராவிட்டால் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடந்தும், எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிட்டவில்லை. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். வரவேண்டியவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1988-இல் தேசத்திலுள்ள பெண்களின் ஜாபிதாவைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொருத்திக்கும் பெயரிட்டுக் கடிதம் அனுப்பி, குறித்த காலம் கழிந்ததும் மீண்டும் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு 42 பேராக இருந்த பரிசோதனையின் வீச்சு, 1994-க்குள் 85 பேரைத் தொட்டது. நோயும் கண்கூடாக இறங்கத் தொடங்கியது. பரிசோதனை அதே பரிசோதனைதான், கண்ணாடித் தகடும் சாயமும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது கடிதம் ஒன்றே.

பின்லாந்து தேசத்தார் இதை முதலிலேயே உணர்ந்தவர்கள். 1960-களில் தொடங்கி, முப்பது வயது நிரம்பிய ஒவ்வொரு பெண்ணையும் ஐந்தாண்டுக்கு ஒரு தடவை அழைத்துப் பரிசோதித்து வந்ததன் விளைவாக, அங்கே இந்நோயால் நேரும் மரணம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஐந்தாண்டுக்கு ஒரு தடவை என்பதைக் கவனிக்க வேண்டும். வருஷந்தோறும் தம்மைப் பரிசோதித்துக்கொள்ளும் வசதி படைத்த சிலரைவிட, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் அழைக்கப்படும் அனைவருமே ஒரு தேசத்தின் மரணக் கணக்கை மாற்றுகிறார்கள். ஒரு தடவை செய்யும் ஸ்மியர் சில மாறுதல்களைத் தவறவிடும் என்பது உண்மை. ஆயினும் நோய் மெதுவாக நடப்பதால், இந்தத் தடவை கண்ணுக்குத் தப்பியது அடுத்த தடவை அகப்பட்டுவிடும். ‘முறையான பரிசோதனை’ என்று வைத்தியர்கள் ஓயாமல் வற்புறுத்துவதற்கு இதுவே நியாயம்.

நம் தேசத்துக்கு வருவோம். ஸ்மியர் பரிசோதனைக்குத் தேர்ந்த ஆய்வாளர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், முடிவு தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போகும் ஒரு பெண், ஒருநாள் கூலியை இழந்து வந்து, முடிவு தெரிந்துகொள்ள இன்னொரு நாளையும் இழக்க வேண்டும். இந்நிலையில்தான் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார நிலையத்தாரோடு கூடி, 2000-ஆவது ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். உபகரணம் மிக எளியது. பரிசோதனையைச் செய்தவர்கள் சில வாரப் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

அந்தச் செவிலியர் செய்யும் காரியத்தை உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன். பள்ளிக்கூடக் கட்டடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு திரைமறைவு, ஒரு மேஜை, ஒரு விளக்கு. பெண்ணைப் படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்னும் கருவியால் வழியை மெல்ல விரித்து, விளக்கின் ஒளியை உட்செலுத்தினால், கர்ப்பப்பையின் வாய் இளஞ்சிவப்பாய், நடுவில் சிறு துவாரத்தோடு தெரிகிறது. வினிகரில் உள்ள அசெடிக் அமிலத்தை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அளவில் கலந்த நீரில் பஞ்சைத் தோய்த்து, அந்த இடத்தில் ஒற்றுகிறார். ஒரு நிமிஷம் காத்திருக்கிறார். ஆரோக்கியமான திசு நிறம் மாறாமல் இருக்க, ஒழுங்கு கெட்ட உயிரணுக்கள் செறிந்த இடத்தில் மட்டும், சுடுநீரில் முட்டையின் வெண்கரு உறைவதைப் போல, கெட்டியான வெண்திட்டு ஒன்று விளிம்பு தெரிய எழும்புகிறது. அவ்வளவுதான். எரிச்சல் சற்றே இருக்கும், வலி பெரும்பாலும் இராது. ‘ஒண்ணுமில்லம்மா, எந்திரிங்க’ என்றோ, ‘இன்னொரு தடவை டாக்டர் பார்க்கட்டும்’ என்றோ அவர் அங்கேயே சொல்லிவிடுகிறார். திட்டு கண்டவர்களுக்குப் பெரிதாக்கிக் காட்டும் கோல்போஸ்கோப் கருவியால் பார்த்து, கடுங்குளிரூட்டிய உலோக முனையை அவ்விடத்தில் மூன்று நிமிஷம் வைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடியும் மூன்று நிமிஷம் வைத்தால், மாறுதல் கண்ட திசு உறைந்து, சில வாரங்களில் உதிர்ந்து, புதுத் தோல் வளர்கிறது. மயக்க மருந்து வேண்டியதில்லை; மாலையில் அவள் வீட்டுக்குப் போய்விடலாம்.

திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட வட்டாரங்களில் 30 முதல் 59 வயதுவரை 49,311 பெண்கள் இருந்தனர். அவர்களுள் 31,343 பேர் வந்தார்கள். ஒரே ஒரு தடவை செய்த இப்பரிசோதனையின் பயனாக, வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோதே, அந்த வட்டாரங்களில் நோயின் தோற்றம் நூற்றுக்கு 25 பங்கும், மரணம் 35 பங்கும் குறைந்திருந்ததாக 2007-இல் லான்செட் பத்திரிகையில் வெளியான அறிக்கை கூறிற்று. ஒப்பீட்டுக்காக, பரிசோதனைக்கு அழைக்கப்படாமல் வழக்கமான வைத்திய வசதியோடு விடப்பட்ட வட்டாரங்களில் 30,958 பெண்கள் இருந்தனர். அப்படி விட்டது நியாயமா என்ற கேள்வியைப் பிற்காலத்தில் சில வைத்தியர்கள் கடுமையாகவே எழுப்பினார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். நம்முடைய கிராமத்துப் பெண்கள் விலை கொடுத்து உலகத்துக்கு வாங்கித் தந்த ஞானம் இது என்பதை மறவாதிருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுபவர் குறைவு. முன்புற்று மாறுதல் கண்டறியப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றார்கள். பரிசோதனைக்கு வந்து, திட்டு இருக்கிறதென்று அறிந்தும், சிகிச்சை பெறாமல் போனவர்கள் நூற்றுக்கு 28 பேர்! சிறந்த ஏற்பாடுகள் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சியிலேயே இப்படியென்றால், ஒருநாள் கூட்டிக் கலைந்துபோகும் முகாம்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பந்தலும் பதாகையும் போட்டு, நூற்றுக்கணக்கானோரைப் பரிசோதித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடும் முகாமினால், திட்டு கண்ட பெண்ணுக்குப் பயம் மட்டுமே மிச்சம். பின்தொடராத பரிசோதனை, பரிசோதனையே அன்று என்று நான் கருதுகிறேன்.

மராட்டியத்தில் அப்போது உஸ்மானாபாத் என்று வழங்கிய ஜில்லாவில் 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சி, 2009-இல் வேறொரு பாடத்தைப் புகட்டிற்று. அங்கே அமிலப் பரிசோதனையும் ஸ்மியரும் மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. வைரஸையே நேரடியாகத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையோ, ஒரே தடவையில் மரணத்தைப் பாதியாக்கிற்று. எட்டு ஆண்டுகளில், அழைக்கப்படாத பிரிவில் 64 பேர் மாண்டிருக்க, அதற்குச் சற்றுப் பெரியதான எச்.பி.வி. பிரிவில் 34 பேரே மாண்டனர். திண்டுக்கல்லில் வென்ற அமிலப் பரிசோதனை உஸ்மானாபாத்தில் ஏன் அப்படி வெல்லவில்லை? கண்ணை நம்பும் எந்த முறையும், கண்ணுடையவரின் பயிற்சியையும் மேற்பார்வையையும் பொறுத்தது என்பதே விடையென்று தோன்றுகிறது. எச்.பி.வி. பரிசோதனைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: சிறு தூரிகையால் மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துக் கொடுக்கலாம். ‘ஆம்பளை டாக்டரா?’ என்று வாசலிலேயே தயங்கித் திரும்பும் சகோதரிகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. உலக சுகாதார ஸ்தாபனம், முப்பது வயது முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனை போதுமென்று 2021-இல் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. கண்டவர்களுக்கு மட்டும், நோய் வேகமாக வளருமாதலால், இருபத்தைந்திலேயே தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது அவசியம். ஆனால் அதன் பலன் இன்று முப்பதைத் தாண்டிவிட்ட தாய்மாருக்குக் கிட்டாது. ஊசி போட்டுக்கொண்ட பெண்களும் பிற்காலத்தில் பரிசோதனைக்கு வரவேண்டியவர்களே.

தமிழ்நாட்டில் அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2007-இல் தேனி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டம், 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. ஆயினும் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, 9.8 தான். இந்தியா முழுவதற்குமான சராசரி 1.9. நூற்றுக்கு எழுபது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு.

வசதி இருந்தும் வராததேன்? ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ என்பார்கள். ‘பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி அங்கே பார்க்க என்ன கிடக்கு’ என்பார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் வெகுநேரம் சிந்தித்ததுண்டு. ஏனெனில் அரசாங்கத்தின் பதிவேடுகளும் அதையே சொல்லுகின்றன. நம் மாநிலத்தில் ஒரு பெண் கர்ப்பம் தரித்தால், கிராம சுகாதார செவிலியர் அவள் வீட்டைத் தேடி வருகிறார். கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி எண் கொடுக்கப்படுகிறது. எத்தனையாம் மாசம், ரத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு, எந்தத் தேதியில் ஊசி என்றெல்லாம் கட்டம் கட்டமாகக் குறிக்கப்படுகிறது. ஒரு தடவை வராவிட்டால் தொலைபேசி அழைப்பு வருகிறது. பிரசவ காலத்து மரணத்தைக் குறைப்பதில் தமிழ்நாடு பெற்ற கீர்த்திக்கு இந்த ஏடே அஸ்திவாரம். ஆனால் இரண்டாவது குழந்தை பிறந்து, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் ஆகி, குழந்தைக்குப் போடவேண்டிய ஊசிகளும் முடிந்ததும், அவளுடைய பக்கம் மூடப்படுகிறது. அப்போது அவளுக்கு வயது முப்பதை நெருங்கியிருக்கும். எந்த வயதில் அவளை மறுபடி அழைக்கத் தொடங்க வேண்டுமோ, மிகச் சரியாக அந்த வயதில் நாம் அவள் பெயரை மறந்துவிடுகிறோம்.

நம் மாநிலத்தின் பிரசவ உதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் வழங்குகிறது. தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரத்தைச் சுமந்து, பல்லாண்டுப் பிரயத்தனத்துக்குப் பின், 1954-இல் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தவரும் அவரே. அவர் வாழ்க்கையில் இணைந்திருந்த இரண்டு காரியங்களையும் நம் ஏடுகளிலும் இணைப்பது அசாத்தியமன்று. பிக்மி எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது, செவிலியருக்கு வீடு தெரியும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலருக்குத் தெருவே தெரியும். அந்த ஏட்டின் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் சில கட்டங்கள் வேண்டும்: முப்பதாம் வயதில் செய்த பரிசோதனையின் தேதி, முடிவு, திட்டு இருந்தால் சிகிச்சை முடிந்த தேதி, அடுத்து அழைக்க வேண்டிய ஆண்டு. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். பிரசவத் தேதி தவறிய பெண்ணைத் தேடிப் போகத் தெரிந்த இலாகாவுக்கு, இது புதிதாகக் கற்க வேண்டிய வித்தையன்று.

அப்படியோர் அழைப்பு வரும்வரை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் காத்திருக்க வேண்டாம். முப்பது முதல் அறுபத்தைந்து வயதுவரையுள்ளவர்கள், மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று கேளுங்கள். முந்திய இரண்டு நாட்களில் தாம்பத்திய உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். மாதவிலக்கு நின்றவர்களுக்குத் திசுக்கள் சந்திக்கும் வளையம் உள்ளே ஒடுங்கிவிடுமாதலால், அமிலப் பரிசோதனையைவிட ஸ்மியரோ எச்.பி.வி. பரிசோதனையோ பொருத்தம், அதைக் கேட்டுப் பெறுங்கள். உறவுக்குப் பின் உதிரம் காண்பவர்கள், மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மறுபடி உதிரம் காண்பவர்கள், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுபவர்கள் ஆகியோருக்கு நான் இதுவரை சொன்ன கால இடைவெளிக் கணக்குகள் எதுவும் பொருந்தா. அவர்கள் தம் முறை வரட்டுமென்று இராமல், நாளைக் காலையிலேயே வைத்தியரைப் பார்க்க வேண்டும்.